லைப்ரரியில் ஆள் தெரியுமா?

1

“அக்கா, உங்களுக்கு லைப்ரரியில ஆள் தெரியுமாமே?”

போன வாரம் ஒரு பெண் தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். பரமக்குடிக்காரி. கல்யாணமாகி எட்மன்டனுக்கு வந்து ஒரு குளிர்காலத்தைக்கூட இன்னும் முழுசாகப் பார்க்காதவள். நான் படிக்கிற கல்லூரியில், நான் போன வருடம் முடித்த பொருளாதார அறிமுகப் பாடத்தில் சேர்ந்திருக்கிறாள். கட்டுரைக்கு நூலகத்தில் ஆதாரம் தேட வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியில் இருந்த என் கணவர் பாண்டியன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் பாவம், பயந்துபோய், “ஏதும் தப்பாக் கேட்டுட்டேனாக்கா?” என்றாள்.

தப்பே இல்லை. காரைக்குடியிலும் புதுவயலிலும் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். தாலுகா ஆபீசோ, ஆஸ்பத்திரியோ, பள்ளிக்கூட அட்மிஷனோ, “அங்குட்டு நமக்கு ஆள் யாரு இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தானே நாம் செருப்பையே மாட்டுவோம். போன வருடம் நானும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இந்த ஊரைச் சுற்றி அலைந்தேன். அதனால் எல்லாம் கெட்டுப்போகவும் பார்த்தது. ஆனால் கடைசியில் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அடக்கமெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

2

நான் புதுவயல் அரிசி மில் வீட்டுப் பெண். பெயர் லெட்சுமி, இங்கே எல்லோருக்கும் ‘லக்ஷ்’. காரைக்குடியில் பி.காம். படித்தேன். கனடா வந்த பிறகு அந்தப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் யாழினி பள்ளிப் படிப்பை முடிக்கிற வயதுக்கு வந்ததும், இனி நாமும் படித்தால் என்ன என்று கணக்கியல் டிப்ளமாவுக்கு விண்ணப்பித்தேன்.

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட இங்கே தனியாக ஒரு அலுவலகம் உண்டு. அவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் என்னென்ன நடத்தினார்கள் என்று கல்லூரியே முத்திரை வைத்து, ஒட்டிய உறையில் நேரடியாக அனுப்ப வேண்டும். புதுவயலில் மில் நடத்தும் என் அண்ணன் சுப்பையாதான் இதற்காக நடையாய் நடந்தார். “பாஸானவுகளுக்கு எதுக்குங்க சிலபஸு? ஃபெயிலானவுகளுக்குத்தான வேணும்?” என்று கல்லூரி ஆபீசில் ஒருவர் கேட்டாராம். அவர் கேட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாம் அனுப்பி, காத்திருந்து, கடைசியில் பதில் வந்தது. கணக்குப் பாடங்கள் செல்லும், பொருளாதாரம் செல்லாது.

ஆகவே முதலில் பொருளாதார அறிமுகப் பாடத்தில் நல்ல தரத்தோடு தேற வேண்டும். தேறினால் டிப்ளமாவில் எனக்கென்று வைத்திருக்கும் இடம் உறுதி. தேறாவிட்டால் அது அடுத்து நிற்பவருக்குப் போய்விடும், நான் ஆப்பிளுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆப்பிள் நறுக்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை வருடத்தில் அந்தச் சமையலறையில் யாரும் என்னை எதைப் பற்றியும் யோசிக்கச் சொன்னதில்லை. அது எனக்கு வலித்தது.

முதல் நாள் வகுப்பில் கையைத் தூக்கி, “ஐ ஹேவ் எ டவுட்” என்றேன். ஆசிரியர் கிரஹாம் ஒல்லியானவர், சிரிப்பைக்கூட அளந்து சிரிப்பவர். “எதைச் சந்தேகப்படுகிறீர்கள், நான் சொன்னதையா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அங்கே எல்லாம் யாழினியைவிடக் கொஞ்சம்தான் மூத்த பிள்ளைகள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் யாழினி தலையில் கை வைத்துக்கொண்டு, “அம்மா, ப்ளீஸ், க்வெஸ்சன்னு சொல்லு” என்றாள். அவளுக்குப் புதுவயல் என்றால் உமித் தூசி, தும்மல், வைஃபை கிடைக்காத வீடு. கடைசியாக ஊருக்குப் போனபோது மில்லுக்குள் வர மாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்.

3

பாடத்தின் பெரிய கட்டுரைக்குக் கிரஹாம் கொடுத்த தலைப்பு எனக்காகவே கொடுத்தது போல இருந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு சந்தையை எடுத்து, வகுப்பில் படித்ததை வைத்து விளக்குங்கள். நூலக ஆதாரங்கள் கட்டாயம். மற்றவர்கள் காபிக் கடை, கைபேசி என்று எடுத்தார்கள். புதுவயல் போன்ற சின்ன ஊரில் ஏன் இத்தனை அரிசி மில்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன என்பதை நான் எடுத்தேன்.

எங்கள் பாடப்புத்தகத்தைப் படித்தால், ஒரே பொருளை விற்பவர்கள் அடுத்தவன் வாடிக்கையைப் பிடுங்குவதிலேயே குறியாக இருப்பார்கள் என்று தோன்றும். அப்படியானால் தள்ளித் தள்ளி அல்லவா மில் கட்டியிருக்க வேண்டும்? எனக்கு விடை தெரியும். ஒரே இடத்தில் இருந்தால்தான் ஃபிட்டர் கூப்பிட்ட குரலுக்கு வருவார், நெல் புரோக்கர் ஒரே நடையில் எல்லோரையும் பார்த்துவிடுவார், லாரியும் காலியாகத் திரும்பாது. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறப்போட்டு, பிறகு ஆவியில் அவிக்க வேண்டும். ஊறிய நெல் யாருக்காகவும் காத்திருக்காது. ஆவி கொடுக்கும் பாய்லர் படுத்துவிட்டால் நெல் புளித்து வாடை அடிக்கும், அரிசி நிறம் மாறும். அப்படி ஒரு மில்லில் பாய்லர் நின்றுபோனால், பக்கத்து மில்காரர் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த நெல்லை வாங்கி அவித்துக் கொடுப்பார். அவர் போட்டிக்காரர்தான், ஆனாலும் கொடுப்பார். நாளைக்குத் தன் பாய்லரும் படுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எழுதி முடித்தபோது பெருமை தாங்கவில்லை. ஆதாரப் பட்டியலில் முதல் ஆளாக, ‘சுப்பையா, என் உடன்பிறந்த அண்ணன், மில் உரிமையாளர்’ என்று போட்டேன். அவருக்குக் கீழே சித்தப்பா. ஊரில் ஒரு விஷயம் உண்மையா என்று யாராவது கேட்டால், சொன்னது யார் என்று சொல்வோம். சொன்னவர் மதிப்பானவர் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. அந்த நம்பிக்கையில்தான் கொடுத்தேன்.

கட்டுரை திரும்பி வந்தது. ‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு வட்டம். பக்கத்தில், ‘யாருக்குத் தெரியும்?’ பக்கத்தின் அடியில், யோசனை நன்றாக இருக்கிறது, ஆதாரங்களில் ஒன்றைக்கூட ஏற்க முடியாது, நூலகத்துக்குப் போங்கள், ஒரு முறை மட்டும் திருத்தித் தரலாம் என்று எழுதியிருந்தது. சித்தப்பாவையே வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். “ஊருக்கே தெரிஞ்சதுக்கு என்னத்தா ஆதாரம்? அந்த வாத்தியார ஒரு தடவ இங்குட்டு வரச் சொல்லு. மில்லுக்குள்ள கூட்டிப்போய்க் காமிக்கிறேன்” என்றார்.

நான் அன்றைக்கே நூலகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோயிலில், தமிழ்ப் பள்ளி வாசலில், மளிகைக் கடையில் பார்க்கிற ஆட்களிடமெல்லாம், அந்தக் காலேஜ் லைப்ரரியில் நமக்கு ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தேன். “ஏத்தா, கதவத் தொறந்துதான வச்சிருக்கான்? உள்ள போக வேண்டியதுதான?” என்று பாண்டியன் கேட்டார். “சும்மா போயி நின்னா மதிப்பாகளா? நீங்க பேசாம இருங்க” என்று அவர் வாயை அடைத்தேன். கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. ஒருவழியாக, கல்லூரியில் காவலாளியாக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பெயர் கிடைத்தது. நூலக வாசலில் போய் அவரைப் பிடித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் இஞ்ச வாசல்தான் பாக்கிறன். அந்த மேசையில இருக்கிறா பாருங்கோ, அவவிட்டப் போய்க் கேளுங்கோ. அதுக்குத்தான் அவவுக்குச் சம்பளம்” என்றார்.

4

மேசையில் இருந்தவர் மாரிசெல். பிலிப்பைன்ஸ்காரர், என்னைவிடச் சின்னவர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று எங்கள் பக்கத்துப் பலகாரமான மனகோலம் செய்து ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் வைத்தேன். டப்பாவுக்குப் பக்கத்திலேயே உணவுக்கு அனுமதி இல்லை என்று பலகை நின்றது. மாரிசெல் பலகையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், டப்பாவை மட்டும் எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

“சரி, உங்கள் கேள்வி என்ன?”

என்னிடம் கேள்வி எங்கே இருந்தது? “புதுவயலைப் பற்றி ஆதாரம் வேண்டும்” என்று பார்சல் கேட்பதைப் போலக் கேட்டேன். அவர் எழுத்துகளைக் கேட்டுத் தட்டினார். திரையில், முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. இரவும் பகலும் லாரி ஓடுகிற என் ஊர், எத்தனையோ வீடுகளுக்குச் சோறு அனுப்புகிற ஊர், அந்த இயந்திரத்துக்கு இல்லவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து அரிசி என்று தேடினோம். சமையல், சர்க்கரை வியாதி, பூச்சி மருந்து என்று கொட்டியது. அதில் எதுவும் எனக்கு உதவாது.

“ஊரைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்” என்றார் மாரிசெல். “ஒரே தொழில் செய்பவர்கள் ஏன் ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்பதுதானே உங்களுக்கு வேண்டியது? அதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தொழில் திரள்.”

அந்தச் சொல்லைப் போட்டார். திரை நிரம்பியது. உலகத்தில் எத்தனையோ ஊர்களில் எங்களைப் போலவே ஒட்டி ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். இத்தாலியில் தரை ஓடு செய்கிற பட்டறைகள் கூட்டமாக இருக்கும் இடத்தைப் பற்றிப் படித்தபோது, தரைக்கல்லுக்குப் பேர்போன எங்கள் ஆத்தங்குடிக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பது எனக்குத் தெரிந்தது. போட்டிக்காரர்கள் ஒரே மெக்கானிக்கை வைத்துக்கொள்வார்கள், ஒருவர் கற்ற வித்தை மற்றவருக்கும் போய்ச் சேரும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். “எங்க ஊர்லயும் இப்படித்தான்!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பக்கத்து மேசைப் பையன் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

கொட்டிக் கிடப்பதில் எதை எடுப்பது, எதை விடுவது? எழுதியவர் யார், அவருக்கு இதில் லாபம் உண்டா, வேறு யார் சரிபார்த்தது, எப்போது எழுதியது என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள் என்று மாரிசெல் சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இது மாப்பிள்ளை விசாரிப்பது! பையனின் அத்தை சொல்வதை அப்படியே நம்ப மாட்டோம். அவன் வேலை பார்க்கிற இடத்தில் கேட்போம், தெருக்கோடிக் கடையில் கேட்போம். ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள் ஒரே பதிலைச் சொன்னால்தான் அடுத்த பேச்சு. இதைச் சொன்னதும் மாரிசெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அம்மாவும் அப்படித்தானாம்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பாய்லர் விற்கிற கம்பெனியின் இணையதளம் பையனின் அத்தை, தள்ளு. போகிறபோக்கில் எழுதிய செய்தி வழிப்போக்கர் சொன்னது, ஓரமாக வை. துறை தெரிந்த வேறு ஆட்கள் படித்துக் கேள்வி கேட்டுத் திருத்திய ஆய்வுக் கட்டுரை நாலு பேரிடம் விசாரித்தது, எடு. நெல் அதிக நேரம் ஊறினால் என்ன ஆகும் என்பதற்குக்கூட உணவு அறிவியல் பக்கத்தில் கட்டுரை கிடைத்தது. நாலைந்து நாள் போனேன். வருடக்கணக்கில் யோசிக்காமல் கிடந்த மூளை நன்றாகவே ஓடியது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் முக்கியமானது கிடைக்கவில்லை. பாய்லர் நின்றால் போட்டிக்காரரின் நெல்லை அவித்துக் கொடுக்கிற எங்கள் வழக்கம் நாங்கள் தேடிய எதிலும் இல்லை.

“எழுதப்படாமல் இருந்தால் நீங்களே கேட்டு எழுதலாம்” என்றார் மாரிசெல். “ஆசிரியரின் ஒப்புதலோடு, கேள்விகளை முன்னதாகவே எழுதி, சொல்பவரின் சம்மதம் வாங்கிச் செய்தால் நேர்காணலும் ஆதாரம்தான்.”

“அப்படியானால் என் அண்ணன்?”

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “மாப்பிள்ளையின் சொந்த அண்ணனை மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் கல்யாணத்தை முடிப்பீர்களா?”

5

அண்ணன் மில்லுக்கு அடுத்த மில் மாணிக்கத்துடையது. மாணிக்கத்தின் லாரி எங்கள் வாசலை மறித்து நின்றதில் ஆரம்பித்த சண்டை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டிய சாட்சி அவர்தான்.

“அந்தாளயா?” என்றார் அண்ணன். “அவரப் போயி என்னத்தா கேக்கப் போற?”

“அண்ணே, நீங்க என்ன சொன்னாலும் அண்ணன் சொன்னாருன்னுதான் ஆகும். ஒங்களுக்கு ஆகாதவரு சொன்னாத்தான் எடுபடும். எனக்கு அந்த எடம் கெடைக்கணும்ணே.”

மில் ஓடும் சத்தத்துக்கு நடுவே, “நம்பர வாட்ஸ்அப்புல அனுப்புறேன். நான் குடுத்தேன்னு சொல்லிறாத” என்றார்.

கிரஹாமிடம் கேள்விகளைக் காட்டி ஒப்புதல் வாங்கி, முதலில் அண்ணன் சொன்னதை முறைப்படி எழுதிக்கொண்டேன். அடுத்தது மாணிக்கம். இங்கே காலை, அங்கே சாயங்காலம். வீடியோவில் வந்தார். நெற்றி நிறைய திருநீறு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

“மாணிக்கண்ணே, நீங்க சொல்றத ரெக்கார்டு பண்ணி எழுதலாமா? ஒங்க பேரப் போடலாமா? எப்ப வேணாம்னு தோணுனாலும் நிப்பாட்டிக்கலாம்.”

“என்னத்தா, பத்திரம் எழுதுறவுக மாதிரி கேக்குற. எழுது, எழுது.”

ஃபிட்டர், புரோக்கர், லாரி என்று வரிசையாகக் கேட்டேன். மனிதர் மளமளவென்று சொன்னார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“பக்கத்து மில்லுல பாய்லர் நின்னுபோனா என்ன செய்வீக?”

“நெல்ல வாங்கி அவிச்சுக் குடுப்போம். வேற என்ன செய்ய?”

“அந்த மில்லுக்காரரு ஒங்களுக்கு ஆகாதவரா இருந்தா?”

நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“போன கோடையில ஒங்க அண்ணன் பாய்லரு படுத்துருச்சு. அவரு வரல, ஆள விட்டாரு. எங்க நெல்ல ஊறப்போடாம நிப்பாட்டிட்டு, அவரு நெல்லத்தான் மொதல்ல ஏத்துனேன். அவரு கூடத்தான் எனக்குச் சண்ட. ஊறுன நெல்லு கூட எனக்கென்னத்தா சண்ட?”

அண்ணன் இதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. மாணிக்கத்துக்கு நன்றி சொல்லி அழைப்பை முடித்தேன். பின்னால் யாழினி காலை உணவுக் கிண்ணத்தோடு நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. “அந்த அங்கிள் கடைசில என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். என் ஆங்கிலத்தில் சொன்னேன், நொண்டியது. “இல்லம்மா, அப்படி இல்ல” என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ‘ஊறுன’ என்றால் என்ன, ஏன் காத்திருக்காது, அவிப்பது எப்படி என்று துருவித் துருவிக் கேட்டாள். மில் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தவள் இப்போது பாய்லரைப் படம் வரைந்து காட்டச் சொல்கிறாள். கட்டுரையில் மாணிக்கத்தின் அந்த வாக்கியத்துக்கு இருக்கும் ஆங்கிலம் அவளுடையது.

6

கட்டுரை கைக்கு வந்த அன்று மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினேன். முன்பு ‘யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டிருந்த அதே பத்தியில், மாணிக்கத்தின் வாக்கியத்துக்குப் பக்கத்தில், கிரஹாம் எழுதியிருந்தார்: ‘இப்போது எனக்குத் தெரியும்.’

அதன்பிறகு முதல் பக்கம் போனேன். ‘ஏ’. டிப்ளமாவில் என் இடம் எனக்கே. கல்லூரிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மாரிசெல்லிடம் போனேன். அவரும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். காப்பகத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு, கடைசி நாள் அந்தக் குழந்தைகளுக்கு ஆப்பிளை நட்சத்திரம் நட்சத்திரமாக நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் கல்லூரி நூலகம் நல்ல மாணவர் கட்டுரைகளை ஆசிரியர் பரிந்துரைத்தால் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொள்ளும். கிரஹாம் என்னுடையதைப் பரிந்துரைத்தார். சேர்த்துவிட்டதாகத் தகவல் வந்ததும் யாழினிதான் மடிக்கணினியைத் திறந்து நூலகத் தேடலில் புதுவயல் என்று தட்டினாள். ஒரு முடிவு வந்தது. அதில் என் முழுப் பெயர் இருந்தது, லெட்சுமி பாண்டியன் என்று. ‘லக்ஷ்’ இல்லை. பாண்டியன் அதையும் கட்டுரையின் ஆதாரப் பட்டியலையும் படம் பிடித்து உறவு முழுவதற்கும் அனுப்பிவிட்டார்.

அடுத்த நாளே அண்ணன் கூப்பிட்டார். “எல்லாஞ் சரித்தா. பட்டியல்ல அவரு பேரு ஏன் எம் பேருக்கு மேல இருக்கு?”

“இங்கிலீஷ் எழுத்து வரிசைண்ணே. நான் என்ன செய்ய? அது இருக்கட்டும், பாய்லர் சங்கதிய ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“அதெல்லாம் என்னத்தச் சொல்றது” என்று பேச்சை மாற்றினார்.

சாயங்காலம் மாணிக்கத்திடமிருந்து ஒரு குரல் செய்தி. “தாயி, ஒங்க அண்ணன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மில்லுக்கு வந்தாரு. ஃபோனக் காமிச்சு, ‘ரெண்டு பேரு பேரும் கனடாவுல இருக்கு’ன்னாரு. காப்பி குடிச்சுட்டுத்தான் போனாரு.”

இப்போது சொல்லுங்கள், பரமக்குடிப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? ஆள் தெரிய வேண்டியதில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது என்று பாண்டியன் எனக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குத் தெரியும். தெரியாத ஊரில் ஒரு பெரிய கட்டிடத்துக்குள் தனியாக நுழைய வேண்டும். உள்ளே நம்மைத் தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் தேவலை என்றுதான் மனசு கேட்கும்.

“தெரியும்மா” என்றேன். “மேசையில மாரிசெல்னு ஒருத்தவுக இருப்பாக, ரொம்ப நல்லவுக. ஒன் கேள்வி என்னன்னு யோசிச்சுட்டுப் போ.”

“அவுகதான் உங்களுக்குத் தெரிஞ்சவுகளாக்கா?”

“அவுகளும்தான். அவுகளப் பாக்குறதுக்கு முன்னாடி, அங்க இருக்குற கம்ப்யூட்டர்ல புதுவயல்னு அடிச்சுப் பாரு” என்றேன். “நாங்கதான் உள்ள இருக்கோம்.”